சாந்தோமில் கோட்டை இல்லை

ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்தே வந்த முதுகு இன்னும் நிமிரவில்லை. சாந்தோமில் பஸ்ஸை விட்டு இறங்கி, கொதிக்கும் மணலில் நடக்கிறேன். மயிலாப்பூர்த் துறைமுகத்தைக் காக்கப் போர்த்துக்கீசியர் கட்டிய பீரங்கிக் கோட்டை இங்கேதான் இருந்தது. கோல்கொண்டா சுல்தானின் படை இடித்தது போக ஒரு சுவராவது மிஞ்சியிருக்கும் என்று நம்பி வந்த முட்டாள் நான்.

ஒரு குட்டைச் சுவர் மிஞ்சியிருக்கிறது. அதையே பின்சுவராக வைத்து வரிசையாகக் குடிசைகள். மணலில் பாதி புதைந்த பீரங்கிமேல் உட்கார்ந்து ஒரு அம்மாள் மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.

"இங்க பழைய கோட்டை ஒண்ணு..." என்று ஆரம்பிக்கிறேன்.

"கோட்டையும் இல்ல, ஒண்ணியும் இல்ல. போ நைனா."

"நான் சர்க்கார் ஆள் இல்லம்மா."

"போன வாட்டி வந்தவனும் அதத்தான் சொன்னான். கோட்டைன்னு சொல்லி அளந்துகினு போனான். இப்போ குடிசைய பிரின்றாங்கோ. புள்ளைங்கள இட்டுகினு நாங்க எங்க போறது?"

"அப்போ நீங்க உக்காந்திருக்கறது?"

அவள் குனிந்து பார்க்கிறாள். துறைமுகத்துக்கு வந்த கப்பல்களையெல்லாம் மிரட்டிய பீரங்கியின் வாயை முந்தானையால் மூடுகிறாள்.

"இத்தா? ட்ரைனேஜ் பைப்பு."

வாதாட எனக்குத் தெம்பில்லை. திரும்பி நடக்கிறேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்று செருப்பிலிருந்து மணலைத் தட்டுகிறேன். அளக்கும் டேப்போடு ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்.

"கோட்டைச் சுவர் எந்தப் பக்கம் சார்?"

"நானும் வெயில்ல தேடி அலுத்துட்டேன் சார். அங்க ஒரு ட்ரைனேஜ் பைப்புதான் கிடக்கு."