கவிழ்த்தால்தான் வாசிக்கும்

என் தம்பிக்கு அப்போது கேம் பைத்தியம். எங்கள் வீட்டுக் கேம் மெஷினின் லென்ஸ் கிழடாகிவிட்டது. நிமிர்த்தி வைத்தால் ஒரு சிடியையும் வாசிக்காது, கவிழ்த்து வைத்தால்தான் வாசிக்கும். சிடிகளிலும் கீறல் விழத் தொடங்கியிருந்தது. இருக்கிற கேம் எல்லாவற்றையும் கூட்டாளி வீட்டுக் கம்பியூட்டரில் கொப்பி அடித்துக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பான். "மெஷின் வாசிச்சால்தான் அக்கா அது கொப்பி. இல்லாட்டி வெறும் பிளாஸ்ரிக்" என்பான். இந்தக் கவனம் படிப்பில் இருந்தால் எங்கேயோ போயிருப்பாய் என்று நான் கத்தாத நாளில்லை.

துறைமுகப் பக்கம் பெரிய வெடிச்சத்தம் கேட்ட மறுநாள் காலை ஆமிக்காரர் எங்கள் ஒழுங்கையின் இரண்டு முனையையும் மறித்துச் சுற்றிவளைத்தார்கள். கரண்டும் இல்லை. இவன் என்னடாவென்றால் கார் பற்றரியிலிருந்து கம்பி இழுத்து, சின்ன டிவியையும் மெஷினையும் ஓடவிட்டுப் புதுக் கொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறான். "நிப்பாட்டடா, வாறாங்கள்!" என்று சொல்லி நான் வாய் மூடவில்லை, ஆமிக்காரர் மூன்று பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

பற்றரி, கம்பிகள், கவிழ்த்து வைத்த ஒரு பெட்டி. அவர்கள் கண்ணில் பட்டது அவ்வளவுதான். துவக்குகள் மூன்றும் தம்பியின் பக்கம் திரும்பின.

"கேம், சேர், கேம்" என்றான் தம்பி.

"திருப்பு!" என்றான் பெரியவன் போல இருந்தவன். தம்பி மெஷினை நிமிர்த்தினான். "இப்ப போட்டுக் காட்டு."

நிமிர்த்திய மெஷின் எங்கே வாசிக்கப் போகிறது? உள்ளே சிடி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. டிவி கறுப்பாகவே கிடந்தது. தம்பி திரும்பவும் கவிழ்க்கக் கையை நீட்டினான். "தொடாதே!" என்று ஒருவன் அவன் சட்டைக் கொலரைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தான். அம்மா அகப்பையோடு குசினி வாசலில் நின்று "ஐயோ என்ர பிள்ளை" என்று கத்தினா.

எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது. "சேர், இது பழசு. கவிட்டால்தான் வேலை செய்யும்" என்றேன். ஒரு துவக்கு என் பக்கம் திரும்பியது. அப்படியே குனிந்து மெஷினைக் கவிழ்த்தேன்.

சிடி கிறீச்சிட்டது. நின்றது. திரும்பச் சுற்றியது. பிறகு டிவியில் ஒரு கார் வந்து நின்றது.

பெரியவன் சிரித்தான். தம்பியை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, காலிலிருந்து தலை வரை பார்த்தான். "வயசு என்ன?"

"பதினாறு."

"நல்ல உயரம்" என்றான். மூன்று பேரும் போனார்கள்.

நான் தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதேன், சிரித்தேன். அம்மா அவன் உடுப்புகளைப் பையில் அடுக்கினா. "விட்டிட்டுத்தானே போறாங்கள், உங்களுக்கென்ன விசரா?" என்று பாய்ந்தேன்.

"அவங்கள் கேமைப் பாக்கேல்லையடி. இவனைப் பாத்திட்டுப் போறாங்கள், பிடிச்சுக்கொண்டு போற வயசெண்டு."

அடுத்த பஸ்ஸில் அவனைக் கொழும்புக்கு, மாமா வீட்டுக்கு அனுப்பினா. அம்மாவோடு நான் இரண்டு நாள் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் அதே ஆமிக்காரர் திரும்ப வந்தார்கள். டிவியும் மெஷினும் கண் முன்னாலேயே இருந்தன. ஒருவரும் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே தம்பி படுக்கும் அறைக்குள் போனார்கள்.