வெள்ளிக்கிழமை மாத்திரை

தேர் அன்று எங்கள் பஜனைக் குழுவுக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டதும் நான் கையில் தோசைத் திருப்பியோடு தெருவுக்கு ஓடி வந்துவிட்டேன். அடுப்பில் தோசை கருகியது. அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை. செய்தி சொன்ன எதிர்வீட்டு அக்காவும் நானும் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தோம். பால் வண்டிக்காரர் எங்களைப் பார்த்து வண்டியையே நிறுத்திவிட்டார்.

ஓசூரில் எங்கள் குடியிருப்பில் பாடுகிற பெண்கள் ஒன்பது பேர். எல்லாரும் கம்பெனிக்காரர் வீடுகள். நான் கல்லாவியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். எதிர்வீட்டு அக்கா ஆனேக்கல் பக்கம், கன்னடம். இன்னும் மூன்று பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். சாமிக்கு மூன்று பாஷையும் தெரியும் என்பதால் மூன்றிலும் பாடுவோம். வருஷா வருஷம் தேருக்கு முன்னால் மலைக்கோயிலில் போய்க் கேட்போம். "பாக்கலாம்மா" என்பார்கள். அந்தப் பார்க்கலாம் ஆறு வருஷம் ஓடியது. இந்த முறை தேர்ப்பேட்டையில், தேர் நிலையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால், மேடை போட்டு மைக் வைத்து அரை மணி நேரம்.

முன்பாட்டு நான்தான். அதாவது முதல் அடியை நான் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். நான் எட்டாவது வரைதான் படித்தேன். படிப்பிலும் சரி, ஓட்டத்திலும் சரி, எதிலும் முதலாக நின்றதில்லை. கடவுள் எனக்கென்று கொடுத்தது இந்தத் தொண்டை ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். குதித்து முடித்து வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது. அந்தத் தொண்டை ஒன்றரை மாசமாகச் சரியில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

உள்ளே ஒரு கீரைத் தண்டு ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். செருமினால் போகாது. செருமச் செரும இன்னும் அறுக்கும். பாட வாயைத் திறந்தால் புளிச்ச தண்ணீர் மேலே எழும்பி வரும். நெஞ்சுக்கு நடுவில் யாரோ கொள்ளிக்கட்டையைப் பிடித்திருப்பது போல ஒரு காந்தல். வெள்ளி, சனி இரண்டு நாளும் எச்சில் விழுங்கவே பயமாக இருக்கும். செவ்வாய், புதனுக்குக் கொஞ்சம் தணியும். அடடா, போய்விட்டது என்று நினைக்கும்போது மறுபடி வெள்ளிக்கிழமை வந்துவிடும். ஏன் வெள்ளிக்கிழமை என்று எனக்கு ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமையைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா?

மறுநாளே ஒத்திகை ஆரம்பித்தோம். எதிர்வீட்டு அக்கா வீட்டு ஹாலில் பாய் விரித்து, சுருதிப் பெட்டியை வழக்கம்போல ஐந்து கட்டையில் வைத்தோம். முதல் பாட்டில் ஒரு அடி மேலே போய் நிற்கும். போனேன். நிற்கவில்லை. தகரத்தைக் கீறின மாதிரி ஒரு சத்தம் வந்து, அப்புறம் இருமல். எட்டு பேரும் என்னையே பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். கன்னடத்தில் சொன்னாலும் தெலுங்கில் சொன்னாலும் எல்லாம் மிளகுதான். மிளகுக் கஷாயம், மிளகுப் பால், மிளகும் பனங்கற்கண்டும் இடித்த பொடி. கல்லாவியிலிருந்து என் தங்கை போனில் சுக்கையும் சேர்த்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் குடித்தேன். ஒவ்வொரு டம்ளரும் உள்ளே போகும்போது நெருப்பு மாதிரி இறங்கும். எரிகிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்று நம்பி இன்னொரு டம்ளர் போட்டுக்கொள்வேன். தேருக்கு இருபத்திரண்டு நாள்தான் இருக்கிறது என்கிற அவசரம்.

மூன்றாம் நாள் ஒத்திகையில் என்னால் இரண்டாவது பாட்டுக்குக்கூடப் போக முடியவில்லை. எதிர்வீட்டு அக்கா மெதுவாகச் சொன்னாள், "நீ ஸ்வல்ப ரெஸ்ட் எடு. அது வரைக்கும் முன்பாட்டு நான் பாத்துக்கறன்."

அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அவள் குரலும் நல்ல குரல். ஆனால் எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. ஆறு வருஷம் காத்திருந்தது இவளுக்குத்தானா என்று ஒரு கெட்ட எண்ணம் வந்தது. வந்தது என்று எழுதத்தான் வேண்டும், சாமி பார்த்துக்கொண்டுதானே இருந்தார். "ஒண்ணும் வேணாங்கா, நானே பாடிக்குவன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து அழுதேன். அழுகையும் தொண்டையில் எரிந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் ஸ்கூட்டரை என் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தாள். எங்கே என்று கேட்டேன். டாக்டரிடம் என்றாள். நான் வரவில்லை என்றேன். அவள் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. "உன்னால பாட முடியாதுன்னு டாக்டர் சொன்னாத்தான் நான் பாடுவன். நீ சொன்னா ஒத்துக்க மாட்டன். ஏறு." தெருவே எட்டிப் பார்த்தது. ஏறினேன்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. விளக்கைப் போட்டு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். மூக்கு வழியாக மெல்லிசான குழாயை விட்டும் பார்த்தார். உள்ளே சிவந்து வீங்கியிருக்கிறது, வயிற்று அமிலம் மேலே ஏறி ஏறி வந்து போகிறது என்றார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நான் பையிலிருந்து எடுத்து வைத்தேன். ஒரே ஒரு மாத்திரைதான். ஐப்பசியில் வாசல் கழுவும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. கட்டு பிரித்த பிறகு எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, எலும்பு பலம் இல்லை, வாரம் ஒரு மாத்திரை போடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

அட்டையைத் திருப்பிப் பார்த்த டாக்டரம்மா, எந்த நாள் போடுகிறீர்கள், எப்படிப் போடுகிறீர்கள், காலையில் எழுந்ததிலிருந்து ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றார்.

எனக்கு ஒரே பெருமை. ஒழுங்காகச் செய்கிற ஒன்றைப் பற்றிக் கேட்கிறாரே என்று விளக்கமாகச் சொன்னேன். எலும்பு டாக்டர் வெறும் வயிறு என்றார், அதனால் விரத நாளான வெள்ளிக்கிழமையை நானே தேர்ந்தெடுத்தேன். எழுந்து குளித்து, மாத்திரையைச் சாமி பாதத்தில் வைத்து எடுத்து, முந்தின நாள் துளசி போட்டு வைத்த தீர்த்தத்தை ஒரு உத்தரணி ஊற்றிக்கொண்டு விழுங்குவேன். விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. முப்பது வருஷப் பழக்கம். ஆனால் தீர்த்தம் குடிக்கலாம் இல்லையா? விழுங்கின கையோடு வாசலுக்குப் போய்க் குனிந்து வெள்ளிக்கிழமைக் கோலம் போடுவேன். பெரிய கோலம், அரை மணி நேரம் ஆகும். அப்புறம் உள்ளே வந்து விளக்கு ஏற்றி, நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டு, அப்படியே நூற்றெட்டு முறை நாமம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"ஒரு உத்தரணின்னா எவ்ளோம்மா?"

நான் உள்ளங்கையைக் குழித்துக் காட்டினேன்.

"ஒரு டம்ளர் நெறைய தண்ணி குடிக்கணும், அரை மணி நேரம் குனியக் கூடாது, படுக்கக் கூடாதுன்னு அவங்க சொல்லலையா?"

சொன்னார். சொல்லவே இல்லை என்று பொய் சொல்ல முடியாது. டம்ளர் தண்ணீர் என்றார், தீர்த்தமும் தண்ணீர்தானே, கொஞ்சமாக இருந்தாலும் அதற்குச் சக்தி அதிகம் என்று நானாகவே முடிவு செய்தேன். படுக்கக் கூடாது என்றார், நான் எங்கே படுத்தேன், சாமியைத்தானே கும்பிட்டேன்? இதை நான் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்த மாத்திரை உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டால் ஒட்டின இடத்தையே புண்ணாக்கிவிடும், தண்ணீர் இல்லாமல் விழுங்கி உடனே குனிந்தால் அமிலமும் சேர்ந்து மேலே வரும், அதற்கும் மேல் மிளகுக் கஷாயம் வேறு ஊற்றியிருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தச் சொன்னார். எலும்பு டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். இதற்குப் பதிலாக ஊசியாகவும் இருக்கிறதாம், அவர் பார்த்துச் சொல்வார் என்றார்.

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. தேருக்குப் பாட முடியுமா என்று மட்டும் கேட்டேன். முழுசாக ஆற நாள் ஆகும், ஆனால் சொன்னபடி இருந்தால் மெதுவாகப் பாடலாம், பத்து நாள் கழித்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

நிஜமாகவே துள்ளினேன். உள்ளுக்குள் நான் பயந்த மாதிரி இது சாமி சாபமும் இல்லை, குரல் போய்விடவும் இல்லை. காரணம் ஒரு மாத்திரையும் என் புத்தியும்தான். திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, சிப்காட் ரோட்டில் கம்பெனி பஸ்களின் புகைக்கு நடுவில், அக்காவின் தோளைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டே வந்தேன். பேசாதே, தொண்டைக்கு ஆகாது என்று அவள் திட்டினாள். முந்தின நாள் அவளைப் பற்றி நினைத்ததை அன்று சொல்லத் தைரியம் வரவில்லை. பிறகு ஒருநாள் சொன்னேன். எனக்கும் அந்த ஆசை கொஞ்சம் இருந்தது என்று அவளும் சொல்லிவிட்டாள்.

வீட்டில் என் நடைமுறையெல்லாம் தலைகீழானது. அமிலம் அடங்க டாக்டரம்மா புதிதாக ஒரு மாத்திரை கொடுத்திருந்தார், அதற்கு விடிந்ததும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர். முதல் நாள் விளக்கு ஏற்றாமலே டம்ளரைக் கையில் எடுத்தேன். சாமி படத்தைப் பார்த்து, நீ கொடுத்த உடம்பு, நீ கொடுத்த தண்ணீர், கோபித்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு மடமடவென்று குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. விளக்கு எப்போதும்போல எரிந்தது. கோலத்தைப் பூஜைக்குப் பிறகு தள்ளி வைத்துச் சின்னதாக்கினேன். நின்றபடியே கைகூப்பினேன்.

சாப்பாடுதான் கஷ்டமாக இருந்தது. என் வீட்டுக்காரருக்கு செகண்ட் ஷிப்டு. நடுராத்திரிக்கு அவர் வந்ததும் பரிமாறி, அவரோடு சேர்ந்து சாப்பிட்டு அப்படியே படுப்பதுதான் வழக்கம். அதுவும் கூடாது, ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அப்பாடா" என்றார் அவர். "நான் கேன்டீன்லயே சாப்ட்டுட்டு, உனக்காகத்தான் இத்தன வருசம் ரெண்டாவது தரம் சாப்ட்டுட்டு இருந்தன்."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அப்புறம் இரண்டு பேரும் சிரித்து, நான் இருமி, அவர் என் தலையில் தட்டினார். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தச் சொல்லியிருந்ததால் இரண்டு மரக்கட்டைகளை அறுத்து வந்து அவரே கீழே முட்டுக் கொடுத்தார். ராத்திரியெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் கால்மாட்டுக்குச் சறுக்கிப் போய்ப் போய் எழுந்ததைப் பற்றி அவர் ஷிப்டில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

பத்தாம் நாள் டாக்டரம்மா பார்த்துவிட்டு, பாடலாம், ஆனால் அரை மணிக்கு மேல் கூடாது, கத்தவும் கூடாது என்றார். ஒத்திகையில் சுருதிப் பெட்டியை ஐந்திலிருந்து நான்கு கட்டைக்கு இறக்கினோம். அக்காவுக்கு அந்தச் சுருதி சேரவே சேராது, கிணற்றுக்குள் இருந்து பாடுகிற மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தாள். ஆனால் பெட்டியின் திருகை அவள்தான் திருப்பினாள்.

தேர் அன்று தேர்ப்பேட்டையில் நிற்க இடமில்லை. பங்குனி வெயில். கர்நாடகத்திலிருந்து வேறு வண்டி வண்டியாக ஜனம். நீர்மோர்ப் பந்தலில் தள்ளுமுள்ளு. வேண்டுதலுக்காகத் தேரின்மேல் உப்பும் மிளகும் வீசினார்கள், எங்கள் மேடையிலும் வந்து விழுந்தது. ஒன்பது பேரும் ஒரே நிறத்தில் புடவை கட்டியிருந்தோம். எனக்கு உள்ளங்கை வேர்த்து மைக் வழுக்கியது. மேலே மலைக்கோயில் கோபுரத்தை ஒரு தரம் பார்த்தேன். முதல் அடியை எடுத்தேன்.

என் பழைய குரல் இல்லை. அதைவிடக் கனமாக, கொஞ்சம் கரகரப்பாக, எங்கோ அடியிலிருந்து வந்தது. ஆனால் வந்தது. எட்டு பேர் அதைத் திருப்பிப் பாடினார்கள். எங்கள் குரல் ஒலிபெருக்கி வழியாகத் தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பி வருவதை என் காதாலேயே கேட்டேன். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இரண்டாவது பாட்டில் முன்வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவதில் ஓர் இடத்தில் நான் ஆசைப்பட்டு மேலே போய்விட்டேன். குரல் முறிந்தது. ஒரு கண் சிமிட்டுகிற நேரம்தான். அதற்குள் அக்கா பக்கத்திலிருந்து அந்த அடியைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டாள். நான் ஒரு மிடறு தண்ணீர் விழுங்கிவிட்டு அடுத்த அடியில் வந்து சேர்ந்துகொண்டேன். கீழே யாருக்கும் தெரியவில்லை.

அரை மணி முடிந்தது. இறங்கப் போனோம். மேடை பார்த்துக்கொள்கிறவர் ஓடி வந்து, அடுத்த குழு கூட்டத்தில் மாட்டிக்கொண்டது, இன்னும் ஒரு பாட்டு பாடுங்கள் என்றார். எட்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டரம்மா சொன்ன அரை மணியைக் குழுவில் எல்லாரும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். அக்கா மைக்குக்குக் கை நீட்டி, "போதும், கொடு. கன்னடத்துல ஒண்ணு நான் எடுக்கறன்" என்றாள்.

கொடுத்திருக்க வேண்டும். அவளுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும்.

"கன்னடப் பாட்டேதான், ஆனா நான் எடுக்கறன். தாழ்த்தி எடுக்கறன்கா" என்றேன். அவள் என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு குனிந்து சுருதிப் பெட்டியை இன்னும் அரைக் கட்டை இறக்கிவிட்டுத் தாளத்தைக் கையில் எடுத்தாள். நான் பாட ஆரம்பித்தேன்.