கிரைண்டரில் ஒட்டிய சிவப்பு அம்பு

1. பத்து விரல்

எங்கள் இரும்பு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சேஃப்டி இன்சார்ஜ் என்று ஒருவரைப் போட வேண்டிய நாள் வந்தது. முதலாளி எங்கள் ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நகம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒருவருக்குக் கட்டைவிரலில் நகம் இல்லை. ஒருவருக்குச் சுண்டுவிரல் மடங்காது. பால்ராஜுக்கு நடுவிரல் நெடுக ரயில் தண்டவாளம்போல் தையல் தழும்பு. என்னிடம் வந்ததும் நின்றார்.

“பத்தும் இருக்குது. தழும்புகூட இல்ல. ராசு, நீதான்ப்பா சேஃப்டி.”

முதலாளி துரைசாமி அண்ணனுக்கு ஆள்காட்டி விரல் பாதிதான் உண்டு. அவர் தூரத்தில் நின்று இரண்டு விரலைக் காட்டினால், டீக்கடைக்காரர் “ஒன்றரை டீயாங்க?” என்று கேட்பார். அதனால் விரலின் அருமை தெரிந்தவர்.

என் விரல்கள் முழுசாக இருப்பதற்குக் காரணம் திறமை இல்லை, பயம். கட்டிங் மெஷினை ஆன் செய்வதற்கு முன்னால் அறுக்கும் வீலில் கீறல் இருக்கிறதா, கவ்விப் பிடிக்கும் வைஸில் பைப் இறுகியிருக்கிறதா என்று இத்தனை வருடம் ஆகியும் மூன்று தடவை பார்ப்பேன். நான் ஒரு வெட்டு வெட்டுவதற்குள் மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்கள்.

அப்போது திருப்பூர் அருள்புரம் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை எடுத்திருந்தோம். புதிதாகக் கட்டிய ஃப்ளோருக்கு ரேக்குகளும் டேபிள் கால்களும் வேண்டும். கம்பெனியின் பின்பக்க ஷெட்டிலேயே மெஷின்களைப் போட்டுச் செய்துகொடுக்கச் சொன்னார்கள். சேஃப்டி பார்க்க ஓர் ஆள் இல்லாமல் ஒரு பைப்பைக்கூட அறுக்கக் கூடாது என்பது அங்கிருந்த மேனேஜரின் கண்டிப்பு. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“வேல போனா வேற வேல வரும். வெரலு போனா வராது. என்னயப் பாத்துக்க. அந்தப் பால்ராஜ் பண்ற கூத்துக்கு ஒரு நாளைக்கு மூஞ்சியே போயிரும். நீதான் சொல்லோணும்.”

“சரிங்ண்ணா,” என்றேன். சொல்வது என்பதுதான் எனக்கு வராத ஒரே வேலை என்பதை அவரிடம் சொல்லவும் எனக்கு வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நான்கு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளரை மட்டும் பார்த்துவிட்டு வந்தவன் நான். என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவார்.

2. சாப்பிட்டாச்சா

பால்ராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். குரல் பெரிசு, சிரிப்பு அதைவிடப் பெரிசு. கிரைண்டர் பிடித்தால் கோடு போடாமலேயே நேராக அறுப்பார். அது உண்மை. ஆனால் அவர் செய்கிற நாலு காரியங்களைப் பார்த்தால் நான் என் விரல்களை ஒரு தடவை எண்ணிக்கொள்வேன்.

முதலாவது, கிரைண்டரின் கார்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். கார்ட் என்பது வீலைப் பாதி மூடியிருக்கும் தகடு. சுற்றுகிற வீல் உடைந்தால் துண்டு நம் பக்கம் பாயாமல் தடுப்பது அது ஒன்றுதான். அது இருந்தால் மூலை முடுக்கில் வீல் நுழையாது என்பது அவர் கட்சி. இரண்டாவது, பைப்பை வைஸில் வைக்க மாட்டார். செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு குனிந்து அறுப்பார். மூன்றாவது, எக்ஸ்போர்ட்டுக்கு ஆகாதென்று கழித்த, தொப்பி வைத்த ஹூடி ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவார். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. கழுத்திலிருந்து இரண்டு கயிறு தொங்கும். டிரில்லிங் மெஷினில் அவர் குனியும்போதெல்லாம் அந்தக் கயிறுகள் சுழலும் பிட்டைச் சுற்றி ஊஞ்சலாடும். நாலாவது, கம்பெனி கொடுத்த மஞ்சள் ஹெல்மெட்டைத் தலையில் வைக்காமல், பத்து மணி வடையை அதில் வாங்கி வந்து மல்லாக்க வைத்திருப்பார்.

காலையில் மொபெட்டில் வரும்போது வழியெல்லாம் ஒத்திகை பார்ப்பேன். “பால்ராஜ், கார்டைப் போடுங்க. பால்ராஜ், கார்டைப் போடுங்க.” சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சொல்வேன். ஷெட்டுக்குள் நுழைந்து அவர் எதிரே நின்றதும் வாய் தானாக வேறொன்றைச் சொல்லும்.

“பால்ராஜ்... சாப்பிட்டாச்சா?”

“ஆச்சு அண்ணாச்சி.”

ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு மறுபடி போவேன். மறுபடியும் சாப்பிட்டாச்சா. ஒரு நாள் மத்தியானத்துக்குள் நான்கு தடவை கேட்டுவிட்டேன். அவர் கிரைண்டரை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணாச்சி, ஒமக்கு என்ன செய்யி? நீரு கேக்க கேக்க நான் தின்னுக்கிட்டே இருந்தா இந்த பைப்ப யாரு அறுக்கது? வீட்டுல எதும் விசேஷமா?”

வெல்டிங் போடுகிற பீகார்க்காரர் முகேஷுக்குத் தமிழில் அப்போது தெரிந்திருந்ததே இந்த ‘சாப்பிட்டாச்சா’ என்ற ஒரு வார்த்தைதான். என்னிடம் கற்றுக்கொண்டது.

3. அம்பு

டீ நேரத்தில் செக்கிங் ஹாலைக் கடந்துதான் குடி தண்ணீருக்குப் போக வேண்டும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பெண்கள் வரிசையாக நின்று பீஸ்களைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். கடைசி டேபிளில் மரகதம் என்பவர் இருந்தார். வந்த பீஸில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, நூல் தொங்குவது என்று எது இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவார். தைத்தவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அம்பு பேசும். தைத்தவர் அதைப் பார்ப்பார், பிரிப்பார், சரிசெய்வார். சரிசெய்ய முடிந்தால் அது ஆல்ட்ரேஷன், முடியாவிட்டால் ரிஜெக்ட்.

நான் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். மரகதம் தலையைத் தூக்கினார். எட்டி என் சட்டைக் கையில் ஒரு அம்பை ஒட்டினார்.

“ஏனுங்ண்ணா, மெஷின் சுத்தற எடத்துல நிக்கறவரு, இப்படி நூலத் தொங்க உட்டுட்டு வருவீங்ளா? போய்க் கத்திரிச்சுப் போடுங்க.”

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்கூட வரவில்லை. போய் நூலைக் கத்திரித்தேன். திரும்பி வந்து அந்த ஸ்டிக்கர் ரோலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“வேணுங்ளா?”

தலையாட்டினேன்.

“வாயத் தொறந்து கேட்டா என்னுங்க, முத்து உதுந்துருமா? இந்தாங்க.”

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு வேலையை ஆரம்பித்தேன். பால்ராஜின் கிரைண்டரில் கார்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அம்பு. ஆணியில் தொங்கிய கார்டின் மேல் ஒரு அம்பு. வைஸ் இருக்க, தரையில் கிடந்த பைப்புக்கு ஒன்று. வாசலில் கழற்றி விட்டிருந்த அவர் செருப்புக்கு ஒன்று. வடை எண்ணெய் காயாத ஹெல்மெட்டுக்குள் ஒன்று.

பால்ராஜ் வந்து பார்த்தார். ஷெட் அதிரச் சிரித்தார். கிரைண்டரில் இருந்ததைப் பிய்த்துத் தன் நெற்றியில் பொட்டாக ஒட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார். அங்கேதான் அவர் மாட்டினார். திருப்பூரில் ஒரு மனிதன் நெற்றியில் சிவப்பு அம்போடு செக்கிங் ஹாலுக்குள் நுழைந்தால் சும்மா விடுவார்களா?

“ஏனுங்க, இந்தப் பீஸு ஆல்ட்ரேஷனுங்ளா, ரிஜெக்ட்டுங்ளா?” என்றார் மரகதம்.

“தலையிலதான் அம்பு இருக்குது. உள்ள ஒண்ணும் இல்ல போல,” என்றது ஒரு குரல்.

“இத யாரு பேக்கிங்ல பாஸ் பண்ணி உட்டது?” என்றது இன்னொன்று.

போன வேகத்தில் திரும்பி வந்தார். தண்ணீர் குடித்ததாகத் தெரியவில்லை. நெற்றியில் இருந்ததைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆணியிலிருந்து கார்டை எடுத்து மாட்டித் திருகினார். ஹூடி கயிறுகளை உருவி எடுத்து முகேஷின் மேல் எறிந்தார். பைப்பை மிதிக்கிற கால் விஷயத்திலும் வடை விஷயத்திலும் மட்டும் அசையவில்லை.

“கால் என் சொந்தக் கால் அண்ணாச்சி. கம்பெனி கால் இல்ல. அதுல ஒட்டாதீரு, கூசுது.”

எனக்கு ஸ்டிக்கர் பழகிவிட்டது. ஈரத்தில் கிடந்த எக்ஸ்டென்ஷன் வயருக்கு ஒன்று. கண்ணாடி போடாமல் தீப்பொறிக்கு முன் நின்றவர் மூக்குக்கு ஒன்று. கையுறையோடு டிரில்லிங் மெஷினைத் தொட்டவர் கையுறைக்கு ஒன்று. சுற்றுகிற மெஷினில் கையுறை சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துப் போகும் என்று இதற்கு முன் வாயால் யாருக்கும் சொன்னதில்லை. அம்பு ஒட்டினால், ஏன் என்று அவர்களே கேட்டுக்கொள்வார்கள். முகேஷ் எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொண்டார். அம்புக்கு இந்தி, தமிழ் கிடையாது.

ஒரு நாள் முதலாளி வேலை பார்க்க வந்தார். தோளில் துண்டோடு டிரில்லிங் மெஷின் மேல் குனிந்தார். துண்டின் நுனி சுழலும் பிட்டைத் தொடப் போனது. எனக்குக் கை நிற்கவில்லை. முதுகுப் பக்கமாகப் போய்த் துண்டு நுனியில் ஒட்டிவிட்டேன். அவர் கவனிக்கவே இல்லை. அப்படியே ஊத்துக்குளி வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் வந்ததும் என்னைத் தேடினார்.

“ஏப்பா ராசு, ஊட்டுல என்னய யாரு ரிஜெக்ட் பண்ணுனதுன்னு கேக்கறா. நா என்ன சொல்றது?”

நான் டிரில்லிங் மெஷினைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். துண்டை எடுத்து மடித்து வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தார்.

4. வடை

கடைசி ரேக்குகள் போய்க்கொண்டிருந்த ஒரு காலை. டீ வந்துவிட்டது. பால்ராஜின் ஹெல்மெட் வழக்கம்போல வடையோடு அவருக்குப் பின்னால் டேபிளில் இருந்தது. ஒரே ஒரு நீளமான ஸ்கொயர் பைப் பாக்கி. அதை அறுத்துவிட்டே சாப்பிடுகிறேன் என்று கீழே போட்டு, நடுவில் காலால் மிதித்துக்கொண்டு குனிந்தார். கார்ட் இருந்தது. கண்ணாடி இருந்தது. ஆனால் பைப்பின் இரண்டு முனைக்கும் கீழே கட்டை இருந்தது. நடுவில் மிதித்தால் பைப் வளையும். அறுபட அறுபட வெட்டு மேலே வாய் மூடும். மூடினால் வீலைக் கவ்வும். அவர் முகம் வீலுக்கு நேர் மேலே இருந்தது.

நான் பையில் கை விட்டேன். ரோல் தீர்ந்து, வெறும் அட்டை வளையம்தான் இருந்தது.

பக்கத்திலேயே சுவிட்ச் போர்டு இருந்தது. அதை அணைத்திருக்க வேண்டும். ஓடுகிற மெஷின் பக்கத்தில் ஒருவரைத் திடுக்கிட வைப்பதும் ஆபத்துதான். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் தெரிந்தது எதுவும் கைக்கு வரவில்லை. வைஸைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. கையை ஆட்டினேன். பார்க்கவில்லை. வெட்டு மூடத் தொடங்கியது. என் வாய் திறந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சத்தம் போட்டதில்லை.

“பால்ராஜ், சாப்பிட்டாச்சா?”

அந்தத் தகர ஷெட் முழுக்க அது எதிரொலித்தது. முகேஷ் வெல்டிங்கை நிறுத்தினார். பால்ராஜ் கிரைண்டர் சுவிட்சிலிருந்து விரலை எடுத்துவிட்டு, இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வீல் இன்னும் சுற்றி ஓயவில்லை. அப்போது பைப் அதைக் கவ்வியது. வீல் டப்பென்று வெடித்தது.

ஒரு துண்டு கார்டில் மோதி விழுந்தது. இன்னொரு துண்டு, ஒரு நொடிக்கு முன் அவர் முகம் இருந்த இடத்தின் வழியே போனது. பின்னால் எங்கோ சத்தம் கேட்டது.

பால்ராஜ் கிரைண்டரைத் தரையில் வைத்தார். கார்டைப் பார்த்தார். உட்பக்கமாக ஒரு குழி விழுந்திருந்தது. முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து டேபிளுக்குப் போய் ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“இல்ல அண்ணாச்சி. சாப்புடல,” என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை. “இனி சாப்புடவும் முடியாது. வடையில வீல் கெடக்கு.”

வெடித்த சத்தத்துக்குச் செக்கிங் ஹாலிலிருந்து மரகதம் ஓடி வந்திருந்தார். கையில் புது ரோல். பால்ராஜ் அவரிடம் போய் ஒரு அம்பு கேட்டு வாங்கினார். கார்டில் விழுந்த குழிக்கு நேராக ஒட்டுவார் என்று நினைத்தேன். இல்லை. நேராக என்னிடம் வந்தார். என் முகவாயைப் பிடித்து, உதட்டுக்குக் கீழே, நுனி மேலே பார்க்கும்படி அழுத்தி ஒட்டினார்.

“டிபெக்ட் இங்கன இருக்கு. அத்தன நாளு கார்டக் கழத்திட்டு அறுத்தேன். நீரு சோறு திங்கியா, சோறு திங்கியான்னு கேட்டுட்டு நின்னீரு. ஒரு வார்த்த ஒழுங்காச் சொல்லி இருந்தா நான் என்ன கடிச்சா வச்சிருவேன்?”

“ரிஜெக்ட் பண்ணீறாதீங்க,” என்றார் மரகதம். “ஆல்டர் பண்ணிக்கலாம்.”

அன்று வடை மரகதம் வாங்கிக் கொடுத்தார். எல்லோரும் தின்றோம். என் முகவாயில் அம்பு ஒட்டியிருந்ததால் நான் மெல்லுவதைப் பார்த்து முகேஷ் சிரித்துக்கொண்டே இருந்தார்.

இப்போது புதிதாகப் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது அதிகமில்லை. கார்ட் இல்லாத கிரைண்டரைத் தொடாதீர்கள். பைப்பை வைஸில் வையுங்கள், கால் வைஸ் ஆகாது. அறுபட்ட துண்டு கீழே விலகிப் போகட்டும், வெட்டு வாய் மூடக் கூடாது. தொங்குகிற எதையும் உடம்பில் வைத்துக்கொண்டு சுற்றுகிற எதன் பக்கமும் போகாதீர்கள். பக்கத்தில் இருப்பவன் தப்புச் செய்தால் சுவிட்சை அணைத்துவிட்டு வாயால் சொல்லுங்கள். கூச்சம் பார்த்தால் அவன் விரல் போகும், உங்கள் கூச்சம் அப்படியே இருக்கும்.

வீல் வெடித்த மறுநாள் காலை நான் மொபெட்டில் ஒத்திகை பார்க்கவில்லை. ஷெட்டுக்குள் நேராகப் போய் அவர் எதிரே நின்று, தெளிவாக, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

“பால்ராஜ், கார்டைப் போடுங்க.”

அவர் நிமிர்ந்தார். கார்ட் ஏற்கெனவே மாட்டியிருந்தது. பைப் வைஸில் இறுகியிருந்தது. மஞ்சள் ஹெல்மெட், ஓரத்தில் ஓட்டையோடு, தலையில் இருந்தது. லேசாக வடை எண்ணெய் வாசம் அடித்தது.

“போட்டாச்சு அண்ணாச்சி,” என்றார். “நீரு சாப்பிட்டாச்சா?”