அஞ்சறைப் பெட்டியில் கொட்டிய மாத்திரைகள்

போன வருடம், ஒரு முதல் தேதி காலை. கோட்டூர்புரத்தில் எங்கள் வீடு. சாமான்களை அடுக்கி வைப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது என்று எனக்குக் கொஞ்சம் திமிர். அன்று அந்த மாத மாத்திரைகளை எல்லாம் அட்டையிலிருந்து பிதுக்கி, பழைய அஞ்சறைப் பெட்டியில் கிண்ணம் கிண்ணமாகக் கொட்டினேன். காலி அட்டைகள் காய்ந்த குப்பைப் பைக்குப் போயின.

அந்தப் பையை நானாக வைக்கவில்லை. குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லி, குப்பை வண்டி ஓட்டி வரும் பெண் தினமும் வாசலில் நின்று சண்டை போட்டதால் வைத்தேன். அவள் தலையைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

அன்று என் கணவர் அந்தப் பெட்டியைத் திறந்து, பிரஷர் மாத்திரை என்று நினைத்து என் சர்க்கரை மாத்திரையை விழுங்கியிருக்கிறார். எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். சாப்பிடாமலே மார்க்கெட் போய் வந்தவர் வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது.

பக்கத்து மருத்துவமனையில் சோதித்தார்கள். சர்க்கரை பாதாளத்தில் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றியபடியே டாக்டர் கேட்டார்.

"அட்டை எங்கேம்மா? என்ன மாத்திரைன்னு தெரிஞ்சாதான் எவ்ளோ நேரம் வெச்சுப் பாக்கணும்னு சொல்ல முடியும்."

பெயரா? நான் அட்டையின் நிறத்தைப் பார்த்து விழுங்குகிறவள். சீட்டையும் அடையாறு மருந்துக்கடையில் மறந்துவிட்டு வந்திருந்தேன். அங்கே யாரும் போனை எடுக்கவில்லை. வாசலில் குப்பைப் பை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எதிர் வீட்டுப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"குப்பை வண்டி இப்பதான் போச்சுக்கா" என்றாள். நான் அழுதே விட்டேன்.

அரை மணி நேரத்தில், பச்சைச் சட்டையோடு அந்தக் குப்பை வண்டிப் பெண்ணே மூச்சிரைக்க வந்து நின்றாள். எதிர் வீட்டுப் பெண் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"இந்தாக்கா, மூணு அட்டை கீது. மூட்டைய ரோட்டுல கொட்டித் தேடினேன். காஞ்ச குப்பைல கெடந்ததால எழுத்து அழியல. இதுக்குத்தான் டெய்லி கத்திக்கினு இருந்தேன்!"

டாக்டர் அட்டைகளைப் படித்து, சர்க்கரை மாத்திரை எது என்று கண்டுபிடித்தார். "இது ரொம்ப நேரம் வேலை செய்யற மாத்திரை. நாளைக்கு வரைக்கும் இங்கயே இருக்கட்டும். இப்பவே வீட்டுக்கு அனுப்பியிருந்தா, திரும்பவும் சர்க்கரை இறங்கியிருக்கும்" என்றார்.

மறுநாள் என் கணவர் நடந்தே வீடு திரும்பினார்.

இப்போது மாத்திரைகள் அட்டையோடுதான் இருக்கின்றன. அவருக்கு ஒரு டப்பா, எனக்கு ஒரு டப்பா, அடுப்பங்கரைக்கு வெளியே. அஞ்சறைப் பெட்டியில் கடுகு, சீரகம்தான். காலி அட்டை போடும் நாளில் அவள் பையைத் தூக்கிப் பார்த்து, "மாத்திரை தீந்துதான் போட்டியாக்கா?" என்று சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். ஆனால் உள்ளே மாடியில் என் கணவர் இருமும் சத்தம் கேட்கும்போது, அந்தச் சத்தத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்தவள் இவள்தான் என்று கைகூப்பத் தோன்றுகிறது.