பட்டன் அழுத்திய குரல்

மைக் அக்கா இறந்தபோது அவள் தாடையைத் துணியால் கட்டியது நான்தான். முப்பது வருடம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள் என்பதால் இந்த மாதிரி வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு, என் வீட்டுப் பின்சுவருக்கு அப்பால் இருக்கும் பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கியில் அவள் குரல் வழக்கம்போல, “பயணிகள் கவனத்திற்கு” என்றது. எல்லோரையும் ஐந்தாம் நடைமேடைக்குப் போகச் சொன்னது. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். பதிவு செய்த குரல்தானே என்று மறுபடி எடுத்துக் குடித்தேன்.

அவள் என் வீட்டுக் கீழ்ப்பகுதியில் குடியிருந்தவள். நிலையத்தில் அறிவிப்பாளர். அவள் விட்டுப் போனது ஹாரன் என்ற பழுப்பு நாய். அது தினமும் நிலையத்துக்குப் போய் ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் படுத்திருந்தது. பன்னிரண்டாம் நாள், பின்னால் எடுத்த ஒரு பேருந்து அதன் வலது பின்னங்காலில் ஏறியது.

அந்த வாரம்தான் மைக் அக்காவின் இடத்துக்கு இவள் வந்தாள். நான் எழுத நினைத்தது இவளைப் பற்றித்தான்.

நாற்பத்தொரு வயது. வேறொரு ஊரின் பணிமனையில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, எந்த டிரைவர் எந்த வண்டிக்கு என்று பதினெட்டு வருடம் பட்டியல் எழுதியவள். பணிமனையை மூடியதும் இங்கே அனுப்பிவிட்டார்கள். இரண்டு பை, ஒரு மேஜை விசிறி, விசில் தொலைந்த குக்கர். அவ்வளவுதான் குடித்தனம்.

“ரூம் காலிதான். ஆனா பழைய குடித்தனத்துல பாதி இன்னும் காலி பண்ணல” என்று, மாவுக்கட்டோடு மூலையில் கிடந்த ஹாரனைக் காட்டினேன்.

“கடிக்குமா பெரியம்மா?”

“எழுந்திரிக்கவே முடியல. எங்கேர்ந்து கடிக்கும்?”

அவள் பையை இறக்கிவைத்துவிட்டு நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நானும் இங்க புதுசுதான்” என்று அதனிடம் சொன்னாள். பிறகு எழுந்து விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள்.

வேலையில் அவளுக்குப் பேச வாய்ப்பே இல்லை. வழக்கமான வண்டிகள் எல்லாவற்றுக்கும் மைக் அக்காவின் பதிவு இருந்தது. நேரம் பார்த்து பட்டனை அழுத்தினால் போதும். ஒரே வாரத்தில் கண்டக்டர்கள் அவளுக்குப் ‘பட்டன்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். “பட்டன் மேடம், சட்டையில ஒண்ணு அறுந்துடுச்சு, தைச்சுத் தருவீங்களா?” என்று ஒருவன் கேட்டானாம். “கழட்டிக் குடுங்க, மைக்ல எல்லாருக்கும் சொல்லிட்டுத் தைக்கிறேன்” என்றாளாம். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை.

நாயை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். காலையும் மாலையும் அவள், பகலில் நான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். ஆறு வாரம் அசையக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

ஆனால் அசைந்தது. நான் மாடியேறிப் போன நேரமெல்லாம் அசைந்தது. திரும்பி வந்தால் படுக்கையிலிருந்து வாசல் வரை தரையில் ஈரக் கோடு இழுத்திருக்கும். ஹாரன் கதவோடு கதவாக, மூக்கை இடுக்கில் வைத்துக் கிடக்கும். உடம்பு நடுங்கும், வால் மட்டும் ஆடும். பலகையால் தடுத்தேன், தாண்டியது. இரண்டு தடவை மாவுக்கட்டு உடைந்தது. இரண்டாவது தடவை டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “இன்னொரு தடவை எலும்பு நழுவினா காலை எடுத்துட வேண்டியதுதாம்மா.”

அன்று சாயங்காலம் பட்டன் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். “பெரியம்மா, பகல்ல இங்க யாராவது வர்றாங்களா?”

“சாவி உன்கிட்டயும் என்கிட்டயும்தானே இருக்கு.”

“யாரோ வந்து கூப்பிட்டாப்ல போகுதே.”

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அன்று கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை பார்த்தேன்.

மறுநாள் அவள் விடுப்பு எடுத்து நாயின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சுவருக்கு அப்பால் பேருந்து ஹாரன்கள் அலறின. ஒரு டயர் வெடித்தது. நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பிறகு, “பயணிகள்” என்றது ஒலிபெருக்கி. “கவனத்திற்கு” வருவதற்குள் நாய் முன்னங்கால்களை ஊன்றிவிட்டது. பட்டன் அதன் இடுப்பை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைக் கத்திக் கூப்பிட்டாள்.

நான் இறங்கி வந்து பார்த்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மைக் அக்கா தினமும் வேலை முடிந்து வந்து, கதவைத் திறக்கும்போது விளையாட்டாக அதையேதான் சொல்வாள்: “பயணிகள் கவனத்திற்கு! ஹாரனுக்குச் சோறு வருது!”

“இதை ஏன் பெரியம்மா முன்னாடியே சொல்லல?”

தாடையைக் கட்டிய நாளிலிருந்து அந்தக் குரலைக் காதில் வாங்காமல் இருக்கப் பழகியிருந்தேன். நன்றாகவே பழகிவிட்டேன்.

அவள் சுவரில் சாய்ந்தாள். “நான்தானே அழுத்தறேன். ஒரு நாளைக்கு நாப்பது தடவை. நான்தான் இதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உடைச்சிருக்கேன்.”

“அழுத்தினது போதும். உன் குரல்ல பேசிடு.”

“பழைய பதிவை அழிக்கணுமே. அவங்கள இன்னொரு தடவை சாகடிக்கிற மாதிரி இருக்கு.”

“செத்தவளுக்குக் கால் உடையாது. இதுக்கு உடையும்.”

மேலாளர், மக்களுக்குப் பழகின குரல் என்று இழுத்தார். “உங்களுக்குப் பழகினது சார். எங்க வீட்டுல ஒருத்தருக்கு இன்னும் பழகல” என்றாளாம். இரண்டு பிற்பகல்களில் நாற்பத்து மூன்று அறிவிப்புகளையும் பேசிப் பதிந்தாள். தொண்டை கட்டிப்போய் வந்து வெந்நீர் குடித்தாள். அவள் அறிவிப்பு “பயணிகளே, கேளுங்கள்” என்று ஆரம்பித்தது. நாய் தூங்கியது.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஹாரன் எழுந்திருக்கவில்லை. எழுந்து வரட்டும் என்று சோற்றைச் சற்றுத் தள்ளி வைத்தேன், வயிற்றில் துண்டு கொடுத்துத் தூக்கினேன், எண்ணெய் போட்டு நீவினேன். துணி மாதிரி தொங்கியது. சுவரைப் பார்த்துக் கிடந்தது. தசை சுருங்கிக்கொண்டே போனது. பத்து நாளில் ஊன்றாவிட்டால் பிறகு எப்போதும் ஊன்றாது என்றார் டாக்டர்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் பட்டன் கைப்பேசியோடு வாசலில் வந்து நின்றாள்.

“ஒண்ணே ஒண்ணை அழிக்காம இதுல எடுத்து வச்சிருந்தேன் பெரியம்மா.”

“எதுக்கு?”

“தெரியல.”

அழுத்தினாள். “பயணிகள் கவனத்திற்கு” என்றாள் மைக் அக்கா, எங்கள் வாசலில் நின்று.

ஹாரன் எழுந்தது. முதலில் மூன்று கால். பிறகு நான்காவதையும் தரையில் வைத்து, தடுமாறி, மறுபடி வைத்து, நடந்து வாசலுக்கு வந்தது. பட்டன் சட்டென்று மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். அது அவளை முகர்ந்தது. கையை ஒரு தடவை நக்கியது. பிறகு அவள் தோளுக்கு மேலாக, காலியாகக் கிடந்த தெருவைப் பார்த்து வாலை ஆட்டியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.