இரண்டு பேருக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

தாரிங்கா ரோக்லா மலைக்கு பஸ் ஓட்டுகிறவள். காலையில் அடிவாரத்து ஸ்ரேச்சேயிலிருந்து பனிச்சறுக்குக்காரர்களை ஏற்றிப்போய் மேலே கொட்டிவிட்டு, சாயங்காலம் அவர்களை ஈர சாக்ஸ் நாற்றத்தோடு அள்ளிக்கொண்டு இறங்குவாள். இளவயதில் அவளும் பனிப்பலகையில் பந்தயம் ஓடியவள்தான். இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததும் நின்றது. பிள்ளைகள் வளர்ந்து லுப்லியானாவுக்குப் படிக்கப் போன பிறகும் நின்றது நின்றபடியே கிடந்தது. கேட்டவர்களிடம் முட்டி சரியில்லை என்று சொல்லிவைத்திருந்தாள். முட்டிக்கு ஒரு கேடும் இல்லை.

ஒரு ஜனவரிக் காலை, பனியைச் சமப்படுத்தும் இயந்திரம் சீவிவிட்டுப் போன சரிவில் ஒரு கோடு கிடந்ததைப் பார்த்தாள். மற்றவர்கள் பனியைத் தேய்த்துக்கொண்டு இறங்குவார்கள். இதுவோ கத்தியால் கீறியதுபோல மெல்லிசாக, ஆழமாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து போயிருந்தது. பலகையைப் பக்கவாட்டில் நிமிர்த்தி விளிம்பிலேயே ஓட்டினால்தான் அப்படி விழும். யாரோ பழைய பாணி ஆள். தாரிங்கா பார்த்துக்கொண்டே நின்றதில் பஸ் தாமதமாகக் கீழே வந்தது. ரோட்டில் ஐஸ் என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிறு பரணிலிருந்து பழைய பலகையையும் கெட்டி பிளாஸ்டிக் பூட்ஸையும் இறக்கினாள். அவள் கணவன் ஸ்தாங்கோ கீழே நின்று வாங்கிக்கொண்டான்.

“அதுல பூச்செடி வெக்கலாம்னு இருந்தேன்,” என்றான்.

வைத்திருக்கலாம். மலையில் முதல் வளைவிலேயே இடது பூட்ஸ் முட்டை ஓடுபோல் நொறுங்கியது. பரணிலேயே கிடந்து பிளாஸ்டிக் இற்றுப்போயிருந்தது. தாரிங்கா பாதிச் சரிவை உட்கார்ந்தபடியே கடந்தாள். கீழே, ஆட்களைச் சரிவில் மேலே ஏற்றும் லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் ஃப்ரான்ட்ஸி உடைந்த துண்டோடு காத்திருந்தான்.

“உன் பூட்ஸ் முன்னாடியே வந்துடுச்சு தாரிங்கா. நீ எங்க நின்னுட்ட?”

பலகை விளிம்பின் இரும்புப் பட்டையும் துருப்பிடித்து உரிந்திருந்தது. ஆக எல்லாமே புதிதாக வேண்டும். கடைக்காரப் பையன் மெத்தென்ற பூட்ஸைக் காட்டி, வீட்டுச் செருப்பு மாதிரி சுகமாக இருக்கும் என்றான். வீட்டில் செருப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் கேட்ட கெட்டி பூட்ஸை அந்தப் பையன் படத்தில்கூடப் பார்த்ததில்லை. இணையத்தில் வந்த விளம்பரங்களிலோ ஆஸ்திரிய ஆண்களின் வாளி போன்ற பூட்ஸ்தான். கடைசியில் ஒன்று அகப்பட்டது. ராவ்னேயில் பூட்ஸ், பலகை, காலைப் பூட்டும் தகடுகள், எல்லாம் சேர்த்து. அவள் கால் அளவேதான்.

வாங்கப் போனபோது கதவைத் திறந்தவள் யெர்னேயா. தாரிங்கா இளவயது முழுக்க யாருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே இரண்டாவதாக வந்தாளோ, அவள். இப்போது முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். ஏன் விற்கிறாய் என்று கேட்டதற்கு, முட்டி சரியில்லை என்றாள். அந்த முட்டியை தாரிங்காவுக்கு நன்றாகத் தெரியும்.

பேரம் எதுவும் நடக்கவில்லை. யெர்னேயா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “நீ எப்படி ஓட்டுறன்னு பாத்துட்டுத்தான் குடுப்பேன். எவளுக்கோ குடுத்த மாதிரி ஆயிடக் கூடாது.”

அடுத்த ஞாயிறு ரோக்லாவில் யெர்னேயா கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஃப்ளாஸ்க் தேநீரோடு ஸ்தாங்கோ. மேலே தாரிங்கா, யெர்னேயாவின் பூட்ஸையும் பலகையையும் மாட்டிக்கொண்டு, முதல் வளைவில் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். மூன்றாவதில் விளிம்பு பனியைக் கவ்வியது. கவ்வியது விடவே இல்லை. உடம்பு தானாகச் சாய்ந்தது, இடுப்புக்குக் கீழே பனி சர்ரென்று ஓடியது. கீழே வந்து நின்றபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

“முன்ன விட மோசமா ஓட்டுற,” என்றாள் யெர்னேயா.

“முன்ன நான் எப்படி ஓட்டுனேன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீதான் திரும்பியே பாக்கலியே.”

யெர்னேயா சரிவில் தாரிங்கா கீறிவிட்டு வந்த கோட்டைப் பார்த்தாள். “கழட்டுடி,” என்றாள்.

தாரிங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஸ்தாங்கோவின் கையுறைகளைக் காலில் மாட்டிக்கொண்டாள். யெர்னேயா சூடாறாத பூட்ஸில் கால் நுழைத்து மேலே போனாள். அவள் இறங்கி வந்த விதத்தைப் பற்றி தாரிங்கா இன்றுவரை யாரிடமும் புகழ்ந்து சொன்னதில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

“விக்கல,” என்றாள் யெர்னேயா, மூச்சு வாங்க.

“அப்ப நான் எதுக்கு இத்தன தடவ விழுந்தேன்?”

“உன் முறை வரும். உக்காரு.”

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அப்படித்தான். ஒருத்தி இறங்கும்போது மற்றவள் பெஞ்சில் அமர்ந்து குற்றம் கண்டுபிடிப்பாள். முட்டியைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. இன்னொரு ஜோடி பூட்ஸ் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது தேடுவதாகச் சொல்கிறார்கள். போன மாதம் ஃப்ரான்ட்ஸி இத்தாலிப் பக்கம் ஒரு நல்ல ஜோடியைக் கண்டுபிடித்துச் சொன்னான். அதே அளவு, அதிகம் போடாதது. இருவரும் படத்தை வெகுநேரம் பார்த்தார்கள். யெர்னேயாவுக்குக் கொக்கி பிடிக்கவில்லை. தாரிங்காவுக்கு நிறம் பிடிக்கவில்லை.