வானத்துத் தூசிக்காகப் பல்லடம் போய் வந்தது

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஆய்வகத்து நிவேதாவுக்குத் துணையாகப் பல்லடம் போனேன். ஓராண்டு உதவித்தொகையில் ஆய்வுக்குச் சேர்ந்தவள் அவள். ஜூனுக்குள் ஏதாவது முடிவு காட்டினால்தான் நீட்டிப்பு. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

விண்வெளியிலிருந்து உதிரும் நுண்தூசியைப் பிடிக்க, எண்ணெய் தடவிய தகடுகளைப் பெட்டியில் வைத்துப் பலூனில் அனுப்பியிருந்தாள். முப்பது கிலோமீட்டர் உயரம் போன பெட்டி, பாராசூட்டில் இறங்கி ஒரு தென்னந்தோப்பில் விழுந்தது. மேலே இருந்த போன் நம்பரைப் பார்த்துத் தோப்புக்காரரே கூப்பிட்டார். "எடுத்து வெச்சிருக்கறமுங்க, வந்து வாங்கிக்குங்க."

சிங்காநல்லூரில் காலை ஏழு மணிக்கு பஸ் ஏறினோம். பல்லடத்துக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர், முப்பது ரூபாய். சூலூரில் ஆள் சேரும்வரை நின்றதால் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பல்லடத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள், அதற்கப்புறம் கடை கிடையாது. அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது.

"ஏனுங்க, வானத்துல இருந்து பொட்டி உழுந்துச்சே, அதுக்குங்களா?" என்றார் ஆட்டோக்காரர். "உள்ள என்னங்க இருக்குது?"

"தூசிங்க," என்றாள் நிவேதா.

"அட, தூசிக்கா இத்தனை தூரம்? எங்க ஊட்டுக்கு வந்தா மூட்டை மூட்டையா அள்ளிக்கலாமுங்களே!"

மூவரும் சிரித்தோம். தோப்பு வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. பளபளவென்று இருந்தது.

"ஒரே எண்ணெப் பிசுக்குங்க," என்றார் தோப்புக்காரரின் மனைவி. "தகட்டையெல்லாம் கழட்டிப் புளி போட்டுத் தேச்சுக் கழுவிப்போட்டேன். அடுத்தவங்க சாமானை அழுக்கோட குடுக்கலாமுங்களா?"

மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு தேங்காயும் ஒரு கட்டு முருங்கைக்காயும். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்தால் அங்கே மரியாதையில்லை. இவர்களை எப்படித் திட்டுவது, சொல்லுங்கள்?

நிவேதாவின் முகம் வெளிறிவிட்டது. "ஏன் கண்ணு, ஏதாச்சும் தப்பாப் போச்சுங்களா?" என்று அந்த அம்மா பதறினார். "ஒண்ணுமில்லீங்க, ரொம்ப நன்றிங்க," என்று நிவேதா அவர் கொடுத்த மோரை வாங்கிக் குடித்தாள். திரும்பும்போது ஆட்டோவில்தான் அழுதாள்.

இப்படிப் பெட்டி தேடிப் போகிறவர்களுக்கு: ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள், திரும்பி வர வண்டி கிடைக்காது. பெட்டி மேல் 'திறக்காதீங்க, கழுவாதீங்க' என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். எங்களுடையதில் எச்சரிக்கையெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில், "ஜூனோட ஊருக்குப் போயிருவேன் போலண்ணா," என்றாள். அடுத்த பலூன் ஏப்ரலில். அதில் ஒரு பெட்டிக்குத்தான் இடம், அந்த இடம் என்னுடையது. மூன்று வருடம் வரிசையில் நின்று வாங்கியது.

சிங்காநல்லூரில் இறங்கியதும் எங்கள் பேராசிரியருக்குப் போன் போட்டு, ஏப்ரலில் நிவேதாவின் பெட்டியை ஏற்றச் சொன்னேன்.

"அப்ப உன்னோடது?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாங்க சார்."

வயிறு எரியவில்லை என்றால் பொய். ஆனால் எனக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இருக்கிறது. அவளுக்கு ஏப்ரல்தான் இருக்கிறது.